உச்சத்தில் இருக்கும் குரு வக்கிரமானால் நீசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா?

வளர்மதி:

அனைவருக்கும் வணக்கம். என் மகளின் ஜாதகத்தில் எழுந்த ஒரு கேள்வி பல நாள்களாக மனத்தை அரிக்கிறது. பெரியவர்கள் தெளிவுபடுத்த வேண்டும்.

பிறப்பு 2015 பிப்ரவரி 16, விடியற்காலை 5.30. மகர லக்னம், தனுசு ராசி, பூராடம். சுக்கிர தசை (சுக்கிரன் ஆளும் காலம்) இருப்பு 8 ஆண்டு 9 மாதம். லக்னத்தில் புதன், இரண்டில் சூரியனும் சுக்கிரனும், மூன்றில் செவ்வாயும் கேதுவும், ஏழில் குரு, ஒன்பதில் ராகு, பதினொன்றில் சனி, பன்னிரண்டில் சந்திரன். குரு கடகத்தில் 22 பாகை. பக்கத்தில் 'வ' (வக்கிரம், அதாவது பின்னோக்கிய நகர்வு) என்று குறித்திருக்கிறது.

குழந்தை பிறந்தவுடன் கணித்துக் கொடுத்த ஜோதிடர், "குரு உச்சம், ஏழில் நின்று லக்னத்தைப் பார்க்கிறது, இந்தப் பெண்ணுக்கு ராஜயோகம், எதைப் பற்றியும் கவலைப்படாதீர்கள்" என்றார். சென்ற மாதம் உறவினர் ஒருவர் அழைத்துப்போன இடத்தில் வேறொரு ஜோதிடர் கட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் முகத்தைச் சுளித்தார். "உச்சம் பெற்ற கிரகம் வக்கிரமானால் நீசம். ஏழாமிடம் கெட்டுவிட்டது. திருமண வாழ்க்கை சரிப்படாது. இப்போதே பரிகாரம் செய்துவிடுங்கள்" என்றார். என் மகள் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆறாம் வகுப்பு படிக்கிற குழந்தை. வீட்டுக்கு வந்தபின், "அம்மா, நீசம் என்றால் என்ன?" என்று கேட்டாள்.

ஒரே கிரகத்தை ஒருவர் உச்சம் (மிகுந்த வலிமை) என்கிறார், இன்னொருவர் நீசம் (மிகுந்த பலவீனம்) என்கிறார். இரண்டில் எது சரி? நூல்கள் உண்மையில் என்ன சொல்கின்றன?

அருள்நம்பி:

சகோதரி, இரண்டாமவர் சொன்ன விதி அவர் கற்பனை அல்ல. உச்சத்தில் வக்கிரம் பெற்ற கிரகம் நீசபலன் தரும், நீசத்தில் வக்கிரம் பெற்றது உச்சபலன் தரும் என்று உத்தர காலாமிருதம் என்ற ஜோதிட நூலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலான ஜோதிடர்கள் இதை அப்படியே கையாளுகிறார்கள். நானும் இந்த விதியைக் கொண்டுதான் பார்க்கிறேன், நீச வக்கிரக் கிரகங்கள் நன்றாகவே வேலை செய்வதைக் கண்டிருக்கிறேன். ஆனால் குழந்தையை வைத்துக்கொண்டு அப்படிப் பேசியது தவறு. வியாழக்கிழமைகளில் தட்சிணாமூர்த்தியை வணங்கி வாருங்கள், போதும்.

கிருத்திகை:

வளர்மதி அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பதினொரு வயதுக் குழந்தையின் ஏழாமிடத்தை எடுத்து வைத்துத் திருமண பலன் சொல்லக் கூடாது. பெற்றோர் கேட்டாலும் சொல்லக் கூடாது. அந்தக் குழந்தையே எதிரில் இருக்கும்போது சொன்னது எனக்குத் தாங்க முடியாத கோபத்தைத் தருகிறது. உங்கள் மகள் மறுபடி கேட்டால், "வானத்தில் ஒரு கிரகம் எந்த ராசியில் இருக்கிறது என்பதற்கு வைத்த பெயர், உன்னைப் பற்றிய பேச்சு அல்ல" என்று சொல்லுங்கள். அதுதான் உண்மையும்கூட.

இனி ஜாதகத்துக்கு வருகிறேன்.

வக்கிரம் என்பதை ஏதோ கோணல், கேடு என்று நினைத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம். வெளிவட்டக் கிரகங்களான செவ்வாய், குரு, சனி மூன்றும் சூரியனுக்கு எதிர்ப்புறம் வரும்போது பூமி அவற்றை முந்திச் செல்கிறது. அப்போது நம் கண்ணுக்கு அவை பின்னால் நகர்வதுபோல் தெரிகின்றன. சூரியனுக்கு ஐந்தில் வக்கிரம், ஒன்பதில் நிவர்த்தி என்று பெரியவர்கள் வாய்ப்பாடாகச் சொல்வது இதைத்தான். உங்கள் மகள் பிறந்தது மாசி நான்காம் தேதி. சூரியன் கும்பத்தில், குரு அதற்கு ஆறாமிடமான கடகத்தில். அந்த ஆண்டு பிப்ரவரி 6 அன்று குரு சூரியனுக்கு நேர் எதிரே நின்றது. அதாவது பூமிக்கு மிக அருகில், மிகப் பிரகாசமாக, மாலையில் உதித்து இரவு முழுவதும் தெரியும் நிலை. பிறப்பு அதிலிருந்து பத்தே நாள் தள்ளி. இப்படி ஒளிவிடும் கிரகத்தைப் பலவீனம் என்று பழைய கணிதம் சொல்லவில்லை. கிரக வலிமையை அளக்கும் ஷட்பலத்தில், நகர்வைப் பொறுத்த சேஷ்டா பலம் என்று ஒரு பகுதி உண்டு. அதில் வக்கிரக் கிரகத்துக்குத்தான் முழு மதிப்பெண்ணான 60.

அருள்நம்பி ஐயா குறிப்பிட்ட விதி அந்த நூலில் இருப்பது உண்மைதான். ஆனால் அதே மரபில் வேறு குரல்களும் உள்ளன. வக்கிரம் பெற்ற சுபர் (நன்மை செய்யும் கிரகம்) வலிமை மிக்கவர், அரசுக்கு ஒப்பான நிலை தருவார், வக்கிரம் பெற்ற பாபர் (தீமை செய்யும் கிரகம்) துன்பமும் வீண் அலைச்சலும் தருவார் என்று சாராவளி என்ற நூல் பிரித்துச் சொல்கிறது. அங்கே உச்சம் நீசமாகும் பேச்சு இல்லை. சுபர், பாபர் என்ற வேறுபாடுதான் இருக்கிறது. ஒரு நூலின் ஒரு சுலோகத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஒரு பெண்குழந்தையின் வாழ்க்கைக்குத் தீர்ப்பு எழுதுவது மரபு ஆகாது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 2014 டிசம்பர் 8 முதல் 2015 ஏப்ரல் 8 வரை குரு கடகத்திலேயே வக்கிரமாக இருந்தது. அந்த நான்கு மாதங்களில் உலகில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் கடகத்தில் 'குரு(வ)' தான். அத்தனை பேருக்கும் குரு கெட்டுவிட்டதா? நான்கு மாதத்துக்குப் பொதுவான ஒரு செய்தியை வைத்து ஒரு தனிப்பட்டவரின் திருமணத்தைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது.

அப்படியானால் முதலாமவர் சொன்ன ராஜயோகம் சரியா? அதுவும் இல்லை. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தாலும் மறைக்க மாட்டேன்.

மகர லக்னத்துக்குக் குரு மூன்றுக்கும் பன்னிரண்டுக்கும் உடையவர். இயல்பில் சுபராக இருந்தாலும், இந்த லக்னத்துக்கு யோகம் செய்யும் இடங்கள் அவர் கையில் இல்லை. விரயாதிபதி (செலவைக் குறிக்கும் பன்னிரண்டாம் இடத்துக்கு உடையவர்) உச்சம் பெற்றால் விரயமும் பெரிதாகலாம். உச்சம் என்பது கிரகத்தின் கையில் உள்ள வேலையைப் பலமாகச் செய்ய வைக்கும், அவ்வளவுதான். எந்த வேலை என்பதை லக்னம்தான் தீர்மானிக்கிறது. உச்சம் என்ற சொல்லைக் கேட்டதும் ராஜயோகம் என்று குதிப்பவரும், வக்கிரம் என்றதும் நீசம் என்று மிரட்டுபவரும் லக்னத்தையே பார்க்கவில்லை.

பாகையையும் பாருங்கள். குருவின் பரம உச்சம் கடகத்தில் 5 பாகை. உங்கள் மகளுக்கு 22. உச்ச பலத்தைக் கணக்கிட, மகரத்தில் 5 பாகை என்னும் பரம நீசப் புள்ளியிலிருந்து கிரகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று எடுத்து மூன்றால் வகுக்க வேண்டும். இங்கே ஏறத்தாழ 163 பாகை. வகுத்தால் 54. அறுபதுக்கு 54 நல்ல எண். ஆனால் குருவுக்குத் திக்பலம் (திசையால் வரும் வலிமை) லக்னத்தில். நேர் எதிரான ஏழில் அது இல்லாமல் போகிறது. இந்தக் குறையை இருவருமே சொல்லவில்லை.

உண்மையிலேயே 'நீசம்' என்ற சொல்லுக்கு இந்த ஜாதகத்தில் இடம் உண்டென்றால் அது ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாகப் பிரித்துப் போடும் நவாம்சக் கட்டத்தில்தான். கடகத்தில் 20 பாகையிலிருந்து 23 பாகை 20 கலை வரை ஆயில்யம் இரண்டாம் பாதம். அதன் நவாம்சம் மகரம். ஆக ராசியில் உச்சமான குரு அம்சத்தில் நீசம். உங்கள் இரண்டாம் ஜோதிடர் இதைக் கவனித்திருந்தால் ஒரு நியாயமான பேச்சு நடந்திருக்கும். இதை நான் எப்படிப் படிப்பேன் என்றால், வெளியில் தெரியும் நம்பிக்கை ஒன்று, உள்ளே இருக்கும் தயக்கம் ஒன்று. நன்றாகத் தெரிந்ததையே வகுப்பில் கை தூக்கிச் சொல்லத் தயங்கும் குழந்தைகளின் ஜாதகத்தில் இந்த அமைப்பை நான் பார்த்திருக்கிறேன். அதோடு வக்கிரமும் சேரும்போது, ஒன்றைத் தொடங்கி, விட்டு, மறுபடி அதற்கே திரும்பி வந்து ஆழமாகக் கற்பார்கள். சொன்னதை உடனே ஏற்காமல் "ஏன்?" என்று கேட்பார்கள். இதில் கெடுதல் என்ன இருக்கிறது?

பரிவர்த்தனையை யாரும் சொல்லாதது எனக்கு வியப்பு. சந்திரன் குருவின் வீடான தனுசில், குரு சந்திரனின் வீடான கடகத்தில். ஏழாம் அதிபதியும் பன்னிரண்டாம் அதிபதியும் இடம் மாறி நிற்கிறார்கள். இந்த ஜாதகத்தின் மையம் இதுதான், வக்கிரம் அல்ல. பன்னிரண்டு சம்பந்தப்பட்ட பரிவர்த்தனையை நூல்கள் உயர்வாகச் சொல்வதில்லை. ஆனாலும் பன்னிரண்டு என்றால் இழப்பு மட்டும் அல்ல. தொலைதூரமும் அதுதான், வெளிநாடும் அதுதான், தனிமையில் செய்யும் உழைப்பும் அதுதான். வீட்டைவிட்டுத் தொலைவில் படிப்பு அல்லது வேலை என்ற திசையில்தான் முதலில் யோசிப்பேன்.

கடைசியாக தசை. சுக்கிர தசை 2023 நவம்பரில் முடிந்து சூரிய தசை நடக்கிறது. அதன்பின் சந்திர தசை 10 ஆண்டு, செவ்வாய் 7, ராகு 18. குரு தசை 2064 நவம்பரில்தான் வருகிறது. உங்கள் மகளுக்கு அப்போது ஐம்பது வயதை ஒட்டியிருக்கும். இன்றைக்கு அவர் மிரட்டிய குரு, தன் தசையாக வந்து பேசப்போவது அப்போதுதான். இடையில் புத்திகள் (தசைக்குள் வரும் உட்காலங்கள்) உண்டு. சூரிய தசையில் குரு புத்தி 2025 டிசம்பர் தொடங்கி 2026 செப்டம்பர் வரை. அடுத்தது சந்திர தசையில், 2032 அக்டோபர் முதல் 16 மாதம். பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போகும் பருவம். பரிவர்த்தனையில் உள்ள இருவரும் தசாநாதனும் புத்திநாதனுமாகச் சேரும் காலம் என்பதால் அதைத்தான் கவனமாகத் திட்டமிடச் சொல்வேன். எந்த ஊரில் படிப்பது என்ற முடிவை அவசரப்படாமல் எடுங்கள். பரிகாரத்துக்கு வைத்த பணம் இருந்தால் அந்தப் படிப்புக்கு எடுத்து வையுங்கள்.

வான்நோக்கி:

நான் ஜோதிடன் அல்லன், வீட்டு மாடியில் தொலைநோக்கி வைத்திருப்பவன். ஆனால் கிருத்திகை அவர்கள் சொன்ன ஒளி விஷயத்துக்கு ஒரு நல்ல சான்று உண்டு என்பதால் எழுதுகிறேன்.

2018 ஜூலையில் செவ்வாய் மகரத்தில் வக்கிரமாக இருந்தது. உங்கள் கணக்கில் உச்ச வக்கிரம். ஜூலை 31 அன்று பூமியிலிருந்து 5.76 கோடி கிலோமீட்டர் தொலைவு. 2003-க்குப் பிறகு அவ்வளவு அருகில் அது வந்ததில்லை. ஜூலை 27 இரவு முழுச் சந்திர கிரகணம் நடந்தபோது, சிவந்த நிலவுக்குக் கீழே அதைவிடச் சிவப்பாகச் செவ்வாய் நின்றதை நம்மில் பலர் பார்த்திருப்போம். 2025 ஜனவரியில் அதே செவ்வாய் கடகத்தில் வக்கிரம். அதாவது நீச வக்கிரம். அப்போது மிக நெருங்கியபோதே 9.6 கோடி கிலோமீட்டர். ஒளியும் மிகக் குறைவு. செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்பதால், மகரம், கும்பம் பக்கம் எதிர்நிலை வரும்போது நெருங்குகிறது, கடகம், சிம்மம் பக்கம் வரும்போது விலகுகிறது.

உச்ச வக்கிரம் நீசத்துக்குச் சமம், நீச வக்கிரம் உச்சத்துக்குச் சமம் என்றால், செவ்வாயைப் பொறுத்தவரை வானம் அதற்கு நேர்மாறாகக் காட்டுகிறது. ஜோதிடத்தில் இதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மற்றொன்று. 5.30 மணிக்கு மகரம் உதயம் என்றால், குழந்தை பிறந்தபோது குரு மேற்கு அடிவானத்தை ஒட்டி இறங்கிக்கொண்டிருந்திருக்கும். அந்த நேரத்தில் வெளியே வந்து மேற்கே பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

அருள்நம்பி:

செவ்வாய்ச் சான்று எனக்குப் புதிது. யோசிக்க வேண்டிய செய்தி. ஆனாலும் நூல்விதியை ஒளி ஒன்றை வைத்து ஒதுக்க நான் தயாரில்லை. நீச வக்கிரம் பெற்றவர்கள் தடைகளைத் தாண்டி மேலே வந்ததை நேரில் பார்த்திருக்கிறேன் என்பதும் உண்மை. நவாம்ச நீசத்தைக் கிருத்திகை அம்மா எடுத்துக்காட்டியது சரி. ஜாதகம் வாக்கியமா (பழைய வாய்ப்பாட்டுக் கணிதம்), திருக்கணிதமா (வானில் காணும் நிலையை ஒட்டிய கணிதம்) என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சனி மீனத்துக்கு வந்தது திருக்கணிதப்படி 2025 மார்ச் 29, வாக்கியப்படி 2026 மார்ச் 6. ஒரு பெயர்ச்சியிலேயே இவ்வளவு இடைவெளி இருக்கும்போது, நவாம்ச எல்லையில் நிற்கும் கிரகத்தைப் பற்றிப் பேசுமுன் கணிதம் எது என்று தெரிய வேண்டும்.

இளங்கோ93:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே வகைக் கேள்வி. பிறப்பு 1993 ஏப்ரல் 10, மீனத்தில் சுக்கிரன் வக்கிரம், 13 பாகை. சூரியனும் மீனத்தில், 26 பாகை. என்னிடமும் "உச்ச சுக்கிரன் நீசமாகிவிட்டது" என்றுதான் சொன்னார்கள். குருவுக்குச் சொன்னதெல்லாம் சுக்கிரனுக்கும் பொருந்துமா?

கிருத்திகை:

அருள்நம்பி ஐயா, கணிதம் எது என்று கேட்டது மிகவும் அவசியமான கேள்வி. நன்றி. 22 பாகை திருக்கணிதத்தோடு ஒத்துப்போகிறது, வளர்மதி அம்மா ஒருமுறை ஜாதகத்தின் முதல் பக்கத்தைப் பார்த்து உறுதிசெய்யட்டும். விதி பற்றி நாம் இருவரும் உடன்படாமலே போகலாம், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

இளங்கோ தம்பி, சுக்கிரனுக்கும் புதனுக்கும் கதை வேறு. அவை சூரியனுக்கு எதிரே ஒருபோதும் வருவதில்லை. பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே கடக்கும்போதுதான் அவற்றுக்கு வக்கிரம். பூமிக்கு அருகில் இருக்கும், ஆனால் சூரியனின் ஒளியிலும் சிக்கும். அதனால் இவ்விரண்டுக்கும் வக்கிரத்தைப் பார்க்குமுன் அஸ்தங்கத்தை (சூரியனை நெருங்கி அதன் ஒளியில் மறைவதை) பார்க்க வேண்டும். வக்கிர சுக்கிரனுக்கு எல்லை 8 பாகை, வக்கிர புதனுக்கு 12. புதனுக்கு இது அடிக்கடி இடிக்கும். 2022 செப்டம்பரில் புதன் கன்னியில் ஏறத்தாழ 15 பாகையில், பரம உச்சத்தை ஒட்டியே வக்கிரம் தொடங்கியது. ஆனால் இரண்டு வாரத்துக்குள் சூரியனோடு சேர்ந்துவிட்டது. அந்த நாள்களில் பிறந்த குழந்தைகளுக்கு உச்ச புதன் என்று பெருமையாகச் சொல்பவர்கள் அஸ்தங்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு இடைவெளி 13 பாகை. அஸ்தங்கம் இல்லை. ஏப்ரல் தொடக்கத்தில் சூரியனைக் கடந்து, நீங்கள் பிறந்த நாளில் கிழக்கே விடிவெள்ளியாக வெளிவந்துவிட்ட சுக்கிரன் அது. எனவே நீசம் என்ற பேச்சை விடுங்கள். சுக்கிரன் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே தேதிகளில், அதே ராசியில் வக்கிரமாகும். 2001, 2009, 2017, 2025 என்று ஒவ்வொரு முறையும் பங்குனியை ஒட்டி மீனத்தில் இது நிகழ்ந்திருக்கிறது. அந்த ஆண்டுகளில் பணம், உறவு சார்ந்து உங்களுக்கு என்ன நடந்தது என்று எழுதிப் பாருங்கள். உங்கள் சுக்கிரனைப் பற்றி நான் சொல்வதைவிட அது அதிகம் சொல்லும். லக்னத்தையும் தசா இருப்பையும் தனிக் கேள்வியாகப் பதிவிட்டால் பார்க்கிறேன்.

வளர்மதி:

முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டேன், திருக்கணிதம்தான்.

எல்லோருக்கும் நன்றி. கிருத்திகை அம்மா, தெரிந்த பதிலையே சொல்லத் தயங்குவாள் என்று நீங்கள் எழுதியதை அவள் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஆசிரியர்கள் ஆண்டுதோறும் சொல்வது அதேதான். சென்ற ஆண்டு பாதியில் நிறுத்திய வீணை வகுப்புக்கு, இந்த ஜனவரியில் அவளாகவே மறுபடி போகிறேன் என்று கேட்டாள். குரு புத்தி தொடங்கியதாகச் சொன்ன டிசம்பருக்கு அடுத்த மாதம். இதற்கும் குருவுக்கும் தொடர்பு உண்டா?

கிருத்திகை:

மூன்றாமிடம் கைத்திறனுக்கும் இசைக்கும் உரியது. மூன்றுக்குடையவரின் புத்தியில் விட்ட வீணையை மறுபடி எடுக்கிறாள் என்றால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளிடம் இதைச் சொல்ல வேண்டாம். அவளுக்கே தோன்றிய ஆசையாக அது இருக்கட்டும். செப்டம்பருக்குப் பின் சனி புத்தி. லக்னாதிபதி பதினொன்றில், குருவின் பார்வையில். பயிற்சி நேரத்தை ஒழுங்குபடுத்த அது ஏற்ற காலம். நடுவில் ஒரு மாதம் சலித்துக்கொண்டாலும் வகுப்பை நிறுத்திவிடாதீர்கள்.